கும்மளாபுரத்துச் சிறுத்தையும் தெருநாயும்

லிங்கராஜபுரத்திலிருந்து விமான ஆலைக்கு வேலைக்குச் சென்று வரும் தமிழர்களில் பலர், கென்னத் ஆண்டர்சன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அவரும் அதே ஆலையில் அதிகாரியாகப் பணியாற்றியவர்தாம். விடுமுறை கிடைத்தால் அவர் வீட்டில் தங்குவதில்லை. துப்பாக்கியுடன் காட்டுக்குப் புறப்பட்டு விடுவார்.

1910ஆம் ஆண்டு பிறந்த ஆண்டர்சன், ஸ்காட்லாந்து வம்சாவளியைச் சேர்ந்தவர். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தார். கன்னடமும் தமிழும் பேசுவார். காட்டுவாசிகளைக் குருவாகக் கொண்டு மிருகங்களின் வழித்தடங்களை அறிந்து கொண்டார். 1939 முதல் 1966 வரை 7 ஆட்கொல்லிப் புலிகளையும் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் அவர் சுட்டதாக அரசாங்கப் பதிவுகள் கூறுகின்றன.

தளிக்கு அருகேயுள்ள கும்மளாபுரம் வட்டாரத்தில் ஒரு சிறுத்தை 42 பேரைக் கொன்றது. பொழுது சாய்வதற்குள் ஜனங்கள் கதவடைத்து உள்ளே ஒடுங்கினர். அதை வேட்டையாட வந்த ஆண்டர்சன், ஓர் இரவு குடிசைக்குள் காத்திருந்தார். அழையாமலே வந்த தெருநாய் ஒன்று அங்கே படுத்துக் கொண்டது. நடுநிசியில் அது உறுமியது. அந்த உறுமல்தான் அவரை எச்சரித்தது. வாசலுக்கே வந்துவிட்ட சிறுத்தை, அன்றிரவே அவர் குண்டுக்கு இரையாயிற்று. உயிர் காத்த நாயைப் பெங்களூருக்குக் கொண்டு வந்து, நிப்பர் என்று பெயரிட்டு வளர்த்தார்.

செத்த சிறுத்தையின் பாதத்தில் முள்ளம்பன்றி முட்கள் முறிந்து கிடந்தன. ஓடி இரை பிடிக்க முடியாத மிருகம், எளிதில் அகப்படும் மனிதனைத் தேடியது. ஜவளகிரியில் ஒரு பெண்புலியோ, தன் ஜோடியை மனிதர்கள் சுட்ட பிறகுதான் ஆட்கொல்லியாயிற்று. பிறவியிலேயே மனிதனைத் தின்னும் மிருகம் இல்லை என்பதே ஆண்டர்சன் கண்ட உண்மை. பிற்காலத்தில் அவர் துப்பாக்கியை வைத்துவிட்டுப் புகைப்படக் கருவியைக் கையில் எடுத்தார்.

1974 ஆகஸ்டில் அவர் காலமானார். பன்னேர்கட்டா தேசியப் பூங்கா அமைந்ததும் அதே ஆண்டில்தான். பின்னர் நகரம் காட்டின் விளிம்பு வரை வளர்ந்து விட்டது. 2016 பிப்ரவரியில் குந்தலஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்குள் புகுந்த சிறுத்தை, பிடிக்கச் சென்றவர்களைக் காயப்படுத்தியது. இப்படி வழி தவறி வரும் மிருகத்தைக் கும்பல் கூடிக் கல்லெறிந்து விரட்டினால், மிரண்டு பாயும். உள்ளே சென்று கதவடைத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்வதே உத்தமம். காயம்பட்ட மிருகம் என்ன செய்யும் என்பதற்குக் கும்மளாபுரமே சாட்சி.