தனியே உலகைச் சுற்றிய கடலோடி

நீராவிக் கப்பல்கள் பெருகியபோது பாய்க்கப்பல் தலைவர்கள் பலர் வேலையிழந்தனர். அவர்களுள் ஒருவர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1844ஆம் ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த அவர், சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கடலுக்குச் சென்றவர். ஐம்பது வயதை நெருங்கியபோது அவரிடம் கப்பலும் இல்லை, பணமும் இல்லை.

அந்நிலையில், முதிய கப்பல் தலைவர் ஒருவர் அவருக்குப் பழைய படகொன்றை அளித்தார். அது அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் என்னும் ஊரில், ஒரு வயலில் உளுத்துக் கிடந்தது. ஸ்லோக்கம் 13 மாதங்கள் உழைத்து அதனைத் தம் கையாலேயே புதுப்பித்தார். 'ஸ்பிரே' என்னும் அப்படகின் நீளம் 37 அடிக்கும் சற்றுக் குறைவு. 1895 ஏப்ரல் 24 அன்று அவர் பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டார். நேரம் பார்க்க அவரிடம் இருந்தது, ஒரு டாலருக்கு வாங்கிய தகரக் கடிகாரமே. அவருக்கு நீச்சலும் தெரியாது!

தனி மனிதர் உறங்கும்போது சுக்கானை யார் பிடிப்பது? அதற்கு விடை பாய்களிலேயே இருந்தது. பக்கவாட்டில் வீசும் காற்று பாயைத் தள்ளும். நீரில் அமிழ்ந்த அடிப்பகுதியோ படகைப் பக்கவாட்டில் நகரவிடாது. இரு விரல்களுக்கிடையே அழுத்திய ஈர எலுமிச்சை விதை நழுவிப் பாய்வதுபோலப் படகு முன்னோக்கிச் செல்லும். முன்புறப் பாயில் படும் காற்று, அணியம் எனப்படும் படகின் முகப்பைக் காற்று செல்லும் திசைக்குத் திருப்பும். பின்புறப் பாயில் படும் காற்றோ அதனைக் காற்று வரும் திசைக்குத் திருப்பும். இவ்விரண்டும் சமமானால் அணியம் தராசு முள்போல் நிலைத்து நிற்கும். ஸ்லோக்கம் பாய்க்கயிறுகளை இழுத்தும் தளர்த்தியும் அச்சமநிலையைக் கண்டார். பின்னர்ச் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுச் சமைத்தார், நூல்கள் படித்தார், உறங்கினார்.

இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளை நோக்கி ஸ்பிரே 23 நாள்களில் 2,700 மைல் சென்றது. அத்தனை நாள்களிலும் அவர் சுக்கானைப் பிடித்த நேரம் ஏறத்தாழ 3 மணி மட்டுமே.

1898 ஜூன் 27 அன்று, 46,000 மைல் கடந்து, அவர் நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். தனியே உலகைச் சுற்றிய முதல் கடலோடி அவரே. அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1900இல் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அதே படகில் மீண்டும் தனியே தென்திசை நோக்கிப் புறப்பட்டார். ஸ்பிரேயும் அவரும் திரும்பவே இல்லை.