துன்பம் பாவத்தின் கூலியா?
அர்ச். தேவசகாயம் பிள்ளையின் சரித்திரம்



தொழிற்சாலையில் வேலை போனாலும், கடன் கழுத்தை நெரித்தாலும், பிள்ளை நோயில் விழுந்தாலும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, என்ன பாவம் செய்தோமோ என்பதே. இந்தக் கேள்வி உங்கள் மனதையும் அரித்திருக்குமானால், வேதசாட்சியான அர்ச். தேவசகாயம் பிள்ளையின் சரித்திரத்தைச் சற்றே கேளுங்கள்.

அவர் குமரி நாட்டிலுள்ள நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-ல் பிறந்தார். இட்ட பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் கீழ்ப் பத்மநாபபுரத்தில் உத்தியோகம். பார்கவி அம்மாளை மணந்து குறைவின்றி வாழ்ந்தார். அப்படியிருக்கையில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்தது. ஆடுமாடுகள் மடிந்தன; சொத்து கரைந்தது; அவர் முகம் வாடியது.

அந்த வாட்டத்தைக் கண்டுகொண்டவர் டிலனாய் என்னும் கத்தோலிக்கப் படைவீரர். 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று தோற்றுக் கைதியாகி, பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். தாமே தோல்வியும் சிறையும் கண்டவர். அவர் நீலகண்டனுக்கு யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். நீதிமானாகிய யோபு எல்லாவற்றையும் இழந்தார். அவருடைய சிநேகிதர்களோ, அவர் மறைவாகப் பாவம் செய்திருக்க வேண்டும் என்று வாதாடினார்கள். முடிவில் சர்வேசுரனுடைய கோபம் விழுந்தது அந்தச் சிநேகிதர்கள்மேல்தான்.

நீலகண்டனின் உள்ளத்தில் தேவ வரப்பிரசாதம் வேலை செய்தது. 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில், சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் பொருளாகிய தேவசகாயம் அவர் பெயராயிற்று. மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். ஞானஸ்நானத்தால் ஜென்மப்பாவமும் கர்மப்பாவமும் கழுவப்பட்டன. துன்பம் பாவத்தின் கூலியேயானால், அன்றுமுதல் அவருக்குச் சுகமல்லவா வந்திருக்க வேண்டும்? வந்ததோ விலங்கு! 1749-ல் சிறைப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தூவினார்கள். உலகத்தின் கண்ணுக்கு அவர் குற்றவாளி. சர்வேசுரனுடைய கண்ணுக்கோ இஷ்டப்பிரசாதத்தில் நிலைத்த பிள்ளை. 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகள் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கமாயின. 2022 மே 15-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

அப்படியானால் பாவம் அற்பமான காரியமா? அல்லவே அல்ல. ஆனால் அதை நஷ்டக் கணக்கில் தேடாதீர்கள், மனச்சாட்சியில் தேடுங்கள். அத்திப்பள்ளி எல்லை தாண்டிக் குடித்துத் தீர்த்த சம்பளம், உடன் வேலை செய்பவன்மேல் சொன்ன கோள், வருஷக்கணக்காய்ப் பேசாத அண்ணன் தம்பி: இவை வேலை போகாதவன் வீட்டிலும் உண்டு. சம்பளம் தவறாமல் வருகிறவன் தன்னைப் பரிசுத்தன் என்று எண்ண வேண்டாம். வேலை இழந்தவன் தன்னைச் சபிக்கப்பட்டவன் என்றும் எண்ண வேண்டாம். உண்மையாகச் செய்த பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. மனஸ்தாபத்தோடு அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு. செய்யாத பாவத்தைத் தேடித் தேடி மனம் புண்ணாவது சேசுநாதர் கேட்கும் தவமல்ல.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு இடர் வரும்போது, அவர்கள் செய்த பாவம் என்று கிசுகிசுக்கும் யோபுவின் சிநேகிதர்களாய்ப் போகாதீர்கள். டிலனாயைப் போலப் போய் அருகில் உட்காருங்கள். போகும்போது கையில் கொஞ்சம் அரிசியும் இருக்கட்டும்.

உங்கள் பங்குச் சுவாமியார்