ஆலயத்தில் முழந்தாட்படியிட்ட விஞ்ஞானி

நம் இல்லங்களிலுள்ள மின்செருகிகளில் 5 அம்பியர், 13 அம்பியர் எனப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். மின்னோட்டத்தை அளக்கும் அலகு அது என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஆயினும் அது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அவர் செபமாலையைக் கையிலேந்திய கத்தோலிக்கர் என்பதையும் அறிந்தோர் சிலரே.

அந்திரே மரி அம்பியர் 1775 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் திகதி பிரான்ஸின் லியோன் நகரில் பிறந்தார். அவர் பாடசாலைக்குச் சென்றதில்லை. நகருக்கு அண்மையிலிருந்த கிராமத்து இல்லமும் தந்தையின் நூலகமுமே அவருக்குக் கல்விக்கூடமாயின. பெரும் கணித மேதைகளின் நூல்கள் இலத்தீன் மொழியில் இருந்தமையால், அவற்றைப் படிப்பதற்கென்றே சிறுவயதில் அம்மொழியைக் கற்றார். தம் இளமையை உருவாக்கிய மூன்று பெரும் நிகழ்வுகளுள் ஒன்றாக முதல் நற்கருணை பெற்ற நாளைப் பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டார்.

அமைதியான அந்த வாழ்வு பிரெஞ்சுப் புரட்சியினால் சிதறுண்டது. நகரில் நீதவானாகப் பணியாற்றிய தந்தை, 1793 நவம்பரில் கொலைக் கருவியின் கீழ் உயிரிழந்தார். பதினெட்டு வயது மகன் ஏறத்தாழ ஓராண்டு காலம் எதிலும் நாட்டமின்றிச் செயலற்றிருந்தார். தாவரங்களை ஆராய்வதும் கவிதைகளை வாசிப்பதுமே அவரை மெல்ல மெல்ல மீட்டன.

1799 இல் ஜூலி என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டு ஒரு மகன் பிறந்தான். எனினும் ஜூலியை நோய் பற்றிக்கொண்டது. பிழைப்பின் பொருட்டு வேறு ஊரில் ஆசிரியப் பணியாற்றிய அம்பியர், நோயுற்ற மனைவியைப் பிரிந்திருக்க நேர்ந்தது. 1803 ஜூலையில் அவர் இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு அம்பியர் பாரிஸ் நகருக்குச் சென்றார்.

அங்கு பதவியும் புகழும் வந்தன; மன அமைதியோ வரவில்லை. 1806 இல் செய்த மறுமணம் விரைவிலேயே முறிந்தது. விசுவாசத்திலும் ஐயங்கள் எழுந்தன. பல ஆண்டுகள் அவர் நம்பிக்கைக்கும் ஐயத்திற்கும் இடையே தத்தளித்தார். எனினும் அப்போராட்டத்தை அவர் மறைக்கவில்லை. லியோனிலிருந்த நண்பர்களுக்கு மனந்திறந்து எழுதினார். ஈற்றில் 1817 ஆம் ஆண்டளவில் திருச்சபையின் வாழ்வுக்கு முழுமனதுடன் திரும்பினார்.

அதன் பின்னரே அவருடைய மாபெரும் விஞ்ஞானப் பணி மலர்ந்தது. மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புகிறது என்பதை டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஏர்ஸ்டெட் கண்டறிந்திருந்தார். 1820 செப்டெம்பர் 11 ஆம் திகதி அச்சோதனை பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் செய்துகாட்டப்பட்டது. அடுத்த வாரமே அம்பியர் தமது முதல் விளக்கத்தை அக்கழகத்தில் முன்வைத்தார். இணையான இரு கம்பிகளில் மின்னோட்டம் ஒரே திசையில் செல்லுமாயின் அவை ஒன்றையொன்று கவரும், எதிர்த்திசையில் செல்லுமாயின் விலக்கும் என அவர் காட்டினார். நவீன மின்காந்தவியலுக்கு அது அடித்தளமாயிற்று. அப்போது அவருக்கு வயது 45.

1831 ஆம் ஆண்டின் இறுதியில், சட்டம் பயில்வதற்காக லியோனிலிருந்து பாரிஸ் வந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவருக்கு அம்பியர் தம் இல்லத்தில் இடமளித்தார். சமயத்தை ஏளனம் செய்வதே அறிவுடைமை எனப் பலரும் கருதிய பல்கலைக்கழகச் சூழலில் அவ்விளைஞர் தனிமையை உணர்ந்தார். ஒருநாள் மனச்சோர்வுடன் புனித எஸ்தேவான் ஆலயத்தினுள் நுழைந்தபோது, ஒரு மூலையில் முதியவர் ஒருவர் முழந்தாட்படியிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டார். உற்றுநோக்கியபோது, அவர் அம்பியரே எனத் தெரிந்தது. எந்த மறையுரையும் தராத உறுதியை அக்காட்சி அவருக்குத் தந்ததாகச் சொல்லப்படுகிறது.

அவ்விளைஞரே பிரெடெரிக் ஒசானாம். 1833 இல் அவர் தம் தோழர்களுடன் தொடங்கிய பணியே, இன்று நம் பங்குகளிலும் ஏழைகளின் இல்லங்களை நாடிச் செல்லும் புனித வின்சென்ட் டி போல் சபையாக வளர்ந்துள்ளது. 1997 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஒசானாமை அருளாளராக உயர்த்தினார்.

அம்பியர் 1836 ஜூன் 10 ஆம் திகதி, கல்விப் பணி நிமித்தம் சென்றிருந்த மார்சேய் நகரில் காலமானார். மரணப் படுக்கையில் கிறிஸ்துநாதர் அனுசாரம் நூலை வாசித்துக் காட்ட ஒருவர் முன்வந்தபோது, அது தமக்கு மனப்பாடமாகத் தெரியும் என்று அவர் கூறினாராம். 1881 இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு மின்னோட்டத்தின் அலகுக்கு அவருடைய பெயரைச் சூட்டியது.

அன்பான பெற்றோரே, உயர்கல்விக்காகத் தொலைவில் வாழும் நம் பிள்ளைகள் கேள்விகள் எழுப்பும்போது நாம் கலங்குகிறோம். சில வேளைகளில் கடிந்தும் கொள்கிறோம். அம்பியரின் உள்ளத்திலும் அக்கேள்விகள் இருந்தன. அவற்றைக் கடந்து வர அவருக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. இறைவன் பொறுமையோடு காத்திருந்தார். அன்று ஆலயத்தில் அவர் எவருக்கும் போதிக்கவில்லை. தம்மை ஒருவர் நோக்குகிறார் என்பதைக்கூட அறியாமல் செபித்தார். நம் இல்லத்தின் மூலையில் நாம் முழந்தாட்படியிடும் வேளையில் எந்தப் பிள்ளையின் கண்கள் நம்மீது பதிகின்றன என்பதை நாமும் அறியோம். ஆகவே, அவர்களுக்காகக் காத்திருப்போம், காத்திருக்கும்போது செபிப்போம்.