ஆன்சன் தொகுதியும் தேவன் நாயரும்



தேர்தல் வந்தால் போதும், நம்ம லயத்திலே ஒரு பேச்சு கிளம்பிவிடும். இந்தத் தொகுதி எப்பவும் அவங்களுக்குத்தான், நாம ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகுது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்காகவே இந்த வாரம் ஒரு தொழிற்சங்கத் தலைவரின் வாழ்க்கையைச் சொல்கிறோம். சிங்கப்பூரில் ஆன்சன் என்று ஒரு தொகுதி இருந்தது. அதன் கதையும் அவர் கதையும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன.

சி.வி. தேவன் நாயர் 1923 ஆகஸ்ட் 5-ல் மலாக்கா, ஜாசினில் பிறந்தார். தகப்பனார் தலச்சேரியிலிருந்து வந்த மலையாளி. ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஆக, இவரும் பால்மர நிழலில் கண் விழித்தவர்தான். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலத்தில், பத்து வயதுப் பையனாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ரங்கூன் ரோடு பள்ளியிலும் விக்டோரியா பள்ளியிலும் படித்து ஆசிரியரானார். 1949-ல் ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்ததற்காக 1951-ல் பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வர இரண்டு வருஷம் ஆயிற்று.

1954-ல் மக்கள் செயல் கட்சி பிறந்தபோது அதைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். மறு வருஷம் தேர்தல். கட்சி நிறுத்தியது நாலே பேரை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஃபேரர் பார்க் தொகுதியில் நாயர் நின்றார். மற்ற மூவரும் ஜெயித்தார்கள். இவர் ஒருவர்தான் தோற்றார். நம்ம ஆட்கள் நிறைந்த வட்டாரம் என்பதற்காக ஓட்டு தானாக வந்து விழுந்துவிடாது என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார். 1956-ல் மீண்டும் சிறை. 1959 தேர்தலில் கட்சி 51-ல் 43 இடத்தைப் பிடித்து ஆட்சிக்கு வந்த பிறகுதான் கதவு திறந்தது.

இனி ஆன்சனுக்கு வருவோம். தஞ்சோங் பகார் துறைமுகத்தை அண்டிய தொழிலாளர் வட்டாரம் அது. 1959-ல் ஜெயித்த மக்கள் செயல் கட்சி உறுப்பினர் பஹாருதீன் 1961-ல் காலமானார். அந்த ஜூலை 15-ல் நடந்த இடைத்தேர்தலில் தொழிலாளர் கட்சியின் டேவிட் மார்ஷல் 546 ஓட்டில் ஜெயித்தார். முன்பு முதலமைச்சராக இருந்தவர் அவர். அந்தத் தோல்வியோடு ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்தது. கட்சி பிளந்ததும் தொழிற்சங்கமும் பிளந்தது. இடதுசாரிகள் ஒரு பக்கம் போக, மறு பக்கம் என்.டி.யு.சி. உருவாயிற்று. அதன் முதல் தலைமைச் செயலாளர் நாயர். ஒரு தொகுதியின் ஓட்டு எவ்வளவு தூரம் போய் அடிக்கிறது பாருங்கள்!

1964-ல் மலேசியப் பொதுத்தேர்தல். மக்கள் செயல் கட்சி நிறுத்திய நாடாளுமன்ற வேட்பாளர்களில் ஜெயித்தவர் நாயர் ஒருவரே. கோலாலம்பூர் பங்சாரில், இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வி. டேவிட்டை 808 ஓட்டில் வென்றார். 1965-ல் சிங்கப்பூர் பிரிந்தது. ஆனாலும் தன்னைத் தேர்ந்தெடுத்த மக்களை விட்டு அவர் உடனே கிளம்பவில்லை. மலேசியாவிலேயே இருந்து ஜனநாயகச் செயல் கட்சியை உருவாக்கினார். பிறகு சிங்கப்பூர் திரும்பி என்.டி.யு.சி.யை நடத்தினார். சங்கம் என்றால் வேலைநிறுத்தம் மட்டுமல்ல என்று சொல்லி, காப்புறுதி, டாக்சி, மளிகைக்கடை எனக் கூட்டுறவுகளை 1970 முதல் ஆரம்பித்தார்கள். சங்கம் அரசாங்கத்தோடு ரொம்ப ஒட்டிப் போய்விட்டது என்ற குறையும் அப்போதே எழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

ஆன்சனில் 1963 முதல் உறுப்பினராக இருந்த பி. கோவிந்தசாமி 1978-ல் காலமானார். 1979 பிப்ரவரி இடைத்தேர்தலில் நாயர் அங்கே நின்று ஜெயித்தார். 1980 டிசம்பரில் நூற்றுக்கு 84 ஓட்டு வாங்கினார். இனி இந்தத் தொகுதியை யார் அசைக்க முடியும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள், இல்லீங்களா?

1981 அக்டோபரில் நாயர் சிங்கப்பூரின் அதிபரானார். தொகுதி காலியாயிற்று. அக்டோபர் 31-ல் இடைத்தேர்தல். பிளேர் பிளேன் வட்டாரத்தில் துறைமுகத் தொழிலாளர்கள் துறைமுகக் கழகத்தின் வீடுகளில் குடியிருந்தார்கள். கன்டெய்னர் கிடங்குக்கு இடம் வேண்டும், வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மாற்று வீட்டுக்குச் சரியான வழி இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்று பயந்து வாழ்ந்த நமக்கு இந்த வேதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மக்கள் கூச்சல் போடவில்லை. ஓட்டுச் சாவடிக்குப் போனார்கள்.

யாழ்ப்பாணத் தமிழரான ஜே.பி. ஜெயரத்னம், தொழிலாளர் கட்சி, 7,012 ஓட்டு. ஆளுங்கட்சியின் பாங் கிம் ஹின் 6,359. வித்தியாசம் 653. பத்தே மாதத்தில் 84 என்பது 47 ஆயிற்று. நாலு பொதுத்தேர்தல்களில் எல்லா இடத்தையும் ஒரே கட்சி பிடித்திருந்த மன்றத்தில், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் போய் உட்கார்ந்தார். வீட்டுப் பிரச்சினை மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டோம். புது வேட்பாளர், பஸ் கட்டணம் என்று வேறு பேச்சும் இருந்தது. ஆனால் தலைக்கு மேல் கூரை ஆடும்போது மனுஷன் யாருக்குக் கடமைப்படுவான்?

1984-லும் ஜெயரத்னமே ஜெயித்தார். 1986-ல் ஒரு வழக்குத் தண்டனையால் பதவி இழந்தார். 1988 தேர்தலில் ஆன்சன் என்ற பெயரே தொகுதிப் பட்டியலில் இல்லை.

நாயரின் கடைசிக் காலம் கசப்பானது. 1985 மார்ச்சில் அதிபர் பதவியை விட்டு விலகினார். குடிப்பழக்கம் காரணம் என்றது அரசு. பிற்பாடு அவர் அதை மறுத்தார். வெளிநாடு போனவர், தான் தூக்கி நிறுத்திய ஆட்சியையே குறை சொல்லி எழுதினார். 2005 டிசம்பர் 6-ல் கனடாவின் ஹாமில்டன் நகரில் காலமானார். ஜாசின் தோட்டம் எங்கே, ஹாமில்டன் எங்கே!

தோழர்களே, நாயர் பெரிய மனிதர். ஆன்சன் மக்கள் அவருக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தது அவருக்குத்தான், அடுத்து வருகிறவருக்குச் சீதனமாக அல்ல. தொகுதி எந்தக் கட்சிக்கும் பரம்பரைச் சொத்து இல்லை. வீடு முதலாளியுடையதாக இருக்கலாம், ஓட்டு நம்முடையது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் அடையாள அட்டையில் முகவரியை மாற்றிவிட்டார்களா, பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். 653 என்பது இரண்டு மூன்று தோட்டத்து ஆள்கணக்குத்தான்.