காயிதே மில்லத்: அவையில் தோற்றும் தளராத கண்ணியம்

புதுவை மக்களாகிய நமக்கு வாக்காளர் பட்டியல் பிரிந்திருந்த வரலாறு புதிதன்று. பிரெஞ்சு ஆட்சி 1884-ல் உள்ளூர் அவைத் தேர்தலுக்கான பட்டியலை மூன்றாக வகுத்தது. ஐரோப்பியர் ஒன்றிலும், தம் சமய, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர் ஒன்றிலும், துறவாத ஏனையோர் மூன்றாவதிலும் இடம்பெற்றனர். மிகச் சிலரான ஐரோப்பியர் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய இடங்களைப் பெற்றனர். எனவே மக்கள் பிரதிநிதித்துவம் எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினாவை இந்திய அரசியல் நிர்ணய சபையில் எழுப்பிய ஒரு பெருந்தகையின் வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்கின்றோம்.

கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் 05.06.1896 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டப்படிப்பைத் துறந்தார்கள். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார்கள். பிரிவினைக்குப் பின் சமுதாயம் திகைத்து நின்ற வேளையில், 10.03.1948 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானபோது அதன் தலைமையை ஏற்றார்கள்.

1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தந்த தனித்தொகுதி முறையை அரசியல் நிர்ணய சபை 1947 ஆகஸ்டில் கைவிட்டது. பொதுத்தொகுதியில் சிறுபான்மையினருக்கு இடஒதுக்கீடு மட்டும் எஞ்சியது. 1949 மே மாதம் அதனையும் நீக்கும் பரிந்துரையை சர்தார் பட்டேல் முன்வைத்தார். காயிதே மில்லத் அவர்கள் எழுந்து, இடஒதுக்கீடு நீடிக்க வேண்டும், அவ்விடங்களுக்குத் தனித்தொகுதி முறையில் தேர்தல் நடைபெற வேண்டும் எனத் திருத்தம் கொணர்ந்தார்கள். பிறர் வாக்கால் மட்டுமே வெல்பவர் சமுதாயத்தின் உள்ளக்கிடக்கையை எடுத்துரைக்க இயலாது என்பதே அவர்களின் வாதம்.

பிரிவினையின் காயம் ஆறாத காலம் அது. தனித்தொகுதியே நாட்டைப் பிளந்தது என்று பெரும்பாலோர் கருதினர். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களும் இடஒதுக்கீட்டை எதிர்த்தனர். இரு தரப்பிலும் சமுதாய நலனில் அக்கறை இருந்தது என்பதை நாம் மறைத்தல் தகாது. திருத்தம் தோற்றது. அதே ஆண்டு ஜனவரியில் காஜி சையத் கரீமுத்தீன் அவர்கள் கோரிய விகிதாசாரத் தேர்தல் முறையையும், நிலையான ஆட்சிக்கு ஊறு நேரும் என டாக்டர் அம்பேத்கர் ஏற்க மறுத்தார்.

தோல்வியால் அவர்கள் ஒதுங்கவில்லை. தாம் எதிர்த்த அதே அரசியலமைப்பை மதித்து, 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார்கள். தமிழரான அவர்களைக் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களில் மக்களவைக்கு அனுப்பினர். ஆட்சிமொழி விவாதத்தில் தமிழுக்காக வாதாடியதும் அவர்களே.

05.04.1972 அன்று வஃபாத்தான அன்னார், சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

அவர்கள் கேட்ட முறையை இன்று வேண்டுவோர் அரிது. ஆயினும் சிறு தொகையினரின் குரல் பேரவையில் எவ்வாறு ஒலிக்கும் என்னும் வினா தீரவில்லை. ஒரேயொரு மக்களவைத் தொகுதியைக் கொண்ட புதுவைக்கும் அது பொருந்தும். கருத்தை ஒளிக்காமல் உரைத்தல், தோற்றால் முடிவை மதித்தல், மதித்த பின்னும் உழைத்தல் என்பனவே அன்னார் நமக்கு விட்டுச்சென்ற பாடங்கள். வாக்குரிமையைத் தவறாது பயன்படுத்துவோம். அன்னாரின் மறுமை வாழ்வு சிறக்க துஆச் செய்வோமாக.