ஒற்றைக் கலத்தைப் பிரித்தவர்: எமில் கிறிஸ்ரியன் ஹன்சன்

அப்ப மா பொங்குவதற்கும் பாண் உப்புவதற்கும் பியர் நுரைப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: மதுவம். ஈஸ்ட் என்றும் சொல்வோம். கண்ணுக்குத் தெரியாத இந்த ஒற்றைக் கல உயிர் சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் தருகிறது. மனிதர் பல ஆயிரம் ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வந்தாலும், எந்த மதுவத்தைப் பயன்படுத்துகிறோம் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை எவருக்கும் தெரியாது. ஒரு தடவை போட்டதில் மிஞ்சியதை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பார்கள். சரிவந்தால் அதிர்ஷ்டம். பிழைத்தால் முழுவதையும் கொட்டவேண்டியதுதான்.

அதிர்ஷ்டத்தை நம்பி நடந்த இந்தத் தொழிலைக் கணக்கோடு செய்யும் தொழிலாக மாற்றியவர் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் கிறிஸ்ரியன் ஹன்சன். லூயி பாஸ்ரரின் பெயர் பாடசாலைப் புத்தகம்வரை வந்துவிட்டது. ஹன்சனின் பெயர் அவ்வளவு தூரம் வரவில்லை. ஆனால் நுண்ணுயிரியல் படித்தவர்களிடமும் பியர் தயாரிப்பவர்களிடமும் கேட்டால், அவரை அறியாதவர் இல்லை.

பெயின்ற் வாளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

ஹன்சன் 1842 மே 8ஆம் திகதி டென்மார்க்கின் மிகப் பழைய நகரமான றீபவில் பிறந்தார். வறிய குடும்பம். தந்தை வீடுகளுக்கு பெயின்ற் அடிப்பவர். மகனும் அதே தொழிலைப் பழகி, அதிலேயே கூலிக்கு நின்றார். ஆனால் அவருடைய மனம் சுவரில் நிற்கவில்லை. நடிகராக வேண்டுமென்று விரும்பினார், ஓவியராக வேண்டுமென்றும் விரும்பினார். இரண்டும் கைகூடவில்லை. பிறகு பண்ணை வீடொன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். அந்தக் காலத்தில் தாவரங்களில் ஆர்வம் கொண்ட பாடசாலை ஆசிரியர் ஒருவரின் பழக்கம் கிடைத்தது. ஹன்சனின் கண் தாவரங்கள் மீதும் பூஞ்சணங்கள் மீதும் திரும்பியது அங்கேதான்.

பல்கலைக்கழகத்துக்கு நுழையும் பரீட்சையில் அவர் சித்தியடைந்தபோது வயது முப்பதை நெருங்கியிருந்தது. கூடப் படித்தவர்கள் அவரைவிடப் பல வயது இளையவர்கள். படிப்புச் செலவுக்கு வீட்டிலிருந்து காசு வர வழியில்லாததால் நாவல் எழுதிச் சம்பாதித்தார். சார்ள்ஸ் டார்வின் பீகிள் கப்பலில் சென்ற பயணத்தைப் பற்றி எழுதிய நூலை, அல்பிரட் யேர்கன்சன் என்பவருடன் சேர்ந்து டேனிஷ் மொழிக்குக் கொண்டுவந்தார். அது வெளியான 1876ஆம் ஆண்டே, விலங்குச் சாணத்தில் வளரும் பூஞ்சணங்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைக்காகக் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தங்கப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

சாணத்துப் பூஞ்சணத்திலிருந்து பியருக்கு எப்படி வந்தார் என்று கேட்கலாம். இரண்டுக்கும் வேண்டியது ஒரே திறமைதான்: நுணுக்குக்காட்டியின் கீழ் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் உயிர்களை வேறுபடுத்தி அறிவது.

தொப்பிப் பெட்டியில் வந்த மதுவம்

ஹன்சனின் கதையை கார்ல்ஸ்பேர்க் ஆலையின் முதலாளி ஜே.சி. ஜேக்கப்சனை விட்டுவிட்டுச் சொல்லமுடியாது. 1845ஆம் ஆண்டு ஜேர்மனியின் மியூனிக் நகரிலிருந்த ஸ்பாற்றன் ஆலையிலிருந்து ஜேக்கப்சன் மதுவம் எடுத்து வந்தார். குதிரை வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்கி, தொப்பிப் பெட்டிக்குள் வைத்திருந்த கலத்துக்குக் குளிர்ந்த நீர் ஊற்றி, அதைக் கோப்பன்ஹேகன்வரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார் என்று சொல்வார்கள். கோப்பன்ஹேகனுக்கு வெளியே ஒரு குன்றில் 1847இல் அவர் தொடங்கிய ஆலைக்கு மகன் கார்லின் பெயரையே வைத்தார். அந்தப் பெயர் இலங்கையருக்கும் புதிதல்ல. கார்ல்ஸ்பேர்க் பியர் இன்று பியகமவிலும் தயாராகிறது.

ஜேக்கப்சன் வியாபாரி மட்டுமல்ல, விஞ்ஞானத்தில் நம்பிக்கை வைத்தவர். 1875இல் ஆலையோடு சேர்த்து ஓர் ஆய்வுகூடத்தையும் நிறுவினார். அங்கே கண்டுபிடிக்கப்படும் எதையும் இரகசியமாக வைத்திருக்கக்கூடாது, நடைமுறைக்கோ அறிவுக்கோ பயன்படும் முடிவுகள் அனைத்தும் வெளியிடப்பட வேண்டும் என்பது அந்த ஆய்வுகூடத்தின் யாப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. ஹன்சன் அங்கு சேர்ந்து, பியரில் வாழும் நுண்ணுயிர்கள் பற்றிய ஆய்வுக்காக 1879இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஆய்வுகூடத்தின் உடற்றொழிலியல் பிரிவுக்குத் தலைவரானார். இறக்கும்வரை, முப்பது ஆண்டுகள், அந்தப் பதவியிலேயே இருந்தார்.

பாஸ்ரர் விட்ட இடைவெளி

பியரைப் பற்றிய பாஸ்ரரின் நூல் 1876இல் வெளிவந்தது. பியர் கெட்டுப்போவதற்கு பக்டீரியாக்கள்தான் காரணம் என்று பாஸ்ரர் காட்டியிருந்தார். ஆலைக்காரர்களும் அதை ஏற்று, பக்டீரியா நுழையாமல் சுத்தம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் பியர் கெட்டது. சில தடவை கசந்தது, சில தடவை கலங்கி நின்றது. டென்மார்க்கின் மற்றொரு பெரிய ஆலையான ரூபோக்கிலும் இதே தொல்லை. 1883இல் கார்ல்ஸ்பேர்க்கின் சொந்த பியரே பழுதானது.

ஹன்சனின் பதில் எளிமையானது. ஆனால் அந்தக் காலத்தில் பலரும் அதை ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள். எதிரி வெளியிலிருந்து வரும் பக்டீரியா மட்டுமல்ல, மதுவத்துக்குள்ளேயே மதுவம் என்ற பெயரில் எதிரி இருக்கிறது என்றார் அவர். ஆலைகள் ஒரே மதுவம் என்று நினைத்துப் பயன்படுத்தியது உண்மையில் பல வகைகளின் கலவை. காற்றில் தூசியோடு வரும் காட்டு மதுவங்களும் அதில் கலந்திருந்தன. மதுவத்தைச் சுத்தப்படுத்த பாஸ்ரர் சொன்ன தாத்தாரிக் அமில முறையை ஹன்சன் பரிசோதித்துப் பார்த்தார். அது பக்டீரியாவைக் குறைத்தாலும், காட்டு மதுவத்தைப் பெருகவிட்டது.

அப்படியானால் நல்லதை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி? ஹன்சன் எண்ணத் தொடங்கினார். ஒரு துளியில் எத்தனை கலங்கள் உள்ளன என்று நுணுக்குக்காட்டியின் கீழ் கணக்கிட்டார். பிறகு, இரண்டு பங்கு நீருக்கு ஒரு கலம் என்ற அளவு வரும்வரை நீர் சேர்த்து ஐதாக்கினார். அதில் ஒவ்வொரு பங்கை ஒவ்வொரு குடுவையில் இட்டால், பாதிக் குடுவைகளில் எதுவும் வளராது, மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு கலம் இருக்கும். குடுவைகளை நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்தார். எந்தக் குடுவையின் அடியில் ஒரேயொரு வெள்ளைப் புள்ளி தோன்றியதோ, அது ஒற்றைக் கலத்தின் பிள்ளைகள். பின்னர் றொபேர்ட் கொக் அறிமுகப்படுத்திய ஜெலற்றின் முறையையும் பயன்படுத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு கலத்தைக் குறித்து வைத்து, அது பெருகுவதை ஆரம்பத்திலிருந்தே கவனித்தார்.

பிரித்த வகைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. எந்த வெப்பநிலையில் எத்தனை மணித்தியாலத்தில் வித்தி உருவாகிறது என்பதைக் கொண்டு அவற்றை வேறுபடுத்தினார். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக பியர் செய்து பார்த்தபோது, நல்ல பியரைத் தந்தது ஒன்று, கெடுத்தது வேறு என்பது தெளிவாகியது.

ஜேக்கப்சன் முதலில் தயங்கினார். ஒற்றைக் கலத்தின் வழித்தோன்றலை நம்பி முழு ஆலையையும் ஒப்படைப்பது சிறிய விடயமல்ல. ஆனாலும் 1883 நவம்பர் 12ஆம் திகதி, கார்ல்ஸ்பேர்க்கின் பழைய ஆலையில் தூய மதுவத்தைக் கொண்டு முதல் தடவையாக பியர் தயாரிக்கப்பட்டது. முயற்சி வெற்றி பெற்றது.

விற்காமல் கொடுத்த சொத்து

இந்தக் கதையில் மிகப் பெரிய திருப்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது. போட்டி ஆலைகளை ஒரே அடியில் வீழ்த்தக்கூடிய சொத்து ஜேக்கப்சனின் கையில் இருந்தது. அவர் அதைப் பூட்டிவைக்கவில்லை, விலை பேசவும் இல்லை. ஹன்சன் தன் முறையை ஆய்வுகூடத்தின் வெளியீட்டில் விளக்கமாக எழுதினார். கேட்ட ஆலைகளுக்கு மதுவமும் அனுப்பப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் லாகர் ஆலைகளிலும், பின்னர் அமெரிக்காவிலும் தூய வளர்ப்பு பரவியது. இன்று உலகில் குடிக்கப்படும் பியரில் பெரும்பகுதி லாகர்தான்.

எதிர்ப்பும் இருந்தது. இங்கிலாந்தின் ஏல் பியர்க்காரர்களுக்கு ஒற்றை வகை மதுவம் ஒத்துவரவில்லை. நீண்ட காலம் பீப்பாயில் கிடந்து முதிரும் அவர்களுடைய பியருக்குரிய மணம் அதில் வரவில்லை. அந்த மணத்தைத் தருவது வேறொரு மதுவம் என்று 1904இல் கண்டறிந்தவரும் கார்ல்ஸ்பேர்க்கில் வேலை செய்த ஒருவர்தான்: நீல்ஸ் ஹியெல்ற்ற கிளவுசன். அவர் அதற்குப் பிரெற்றனோமைசிஸ் என்று பெயரிட்டார். லாகர் ஆலைக்கு நோயாக இருப்பது ஏலுக்கு மணமாக இருக்கலாம் என்பது அதோடு தெரியவந்தது. ஹன்சன் கொண்டுவந்த தூய்மை, பியர் கெடுவதைத் தடுத்த அதேவேளை, உலகம் முழுவதும் ஒரே சுவையைப் பரப்பவும் உதவியது. இரண்டும் உண்மைதான்.

கலக்கியும் காற்றும்

ஒரு கலத்திலிருந்து ஓர் ஆலைக்குத் தேவையான மதுவத்தை வளர்ப்பது அடுத்த சவால். பழைய கார்ல்ஸ்பேர்க் ஆலையின் பணிப்பாளர் கியூளவுடன் சேர்ந்து ஹன்சன் அதற்கொரு கருவி செய்தார். மூடிய உலோக உருளை, பஞ்சு வழியாக வடிகட்டிய காற்று, உள்ளே மதுவத்தைக் கிளறிவிடும் கலக்கி. பெருகும் காலத்தில் மதுவத்துக்கு ஒட்சிசன் தேவை. அடியில் படிந்து கிடந்தால் அது சோம்பிவிடும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டில் பியர் செய்வோர் இன்று அதையே மேசையில் செய்கிறார்கள். ஒன்றிரண்டு லீற்றர் மோல்ட் சாற்றில் மதுவத்தை இட்டு, காந்தக் கலக்கியின் மேல் ஒரு நாளோ இரண்டு நாளோ சுழலவிடுவார்கள். பலர் கலக்கியையும் தாங்களே செய்கிறார்கள். பழைய கணினி விசிறியின் நடுவில் காந்தம் ஒட்டி ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். மேலே குடுவை, அதற்குள் பிளாஸ்ரிக் பூசிய சிறு காந்தக் கோல்.

இப்படிச் செய்தவர்கள் அதிகம் முறையிடுவது சத்தத்தைப் பற்றித்தான். இரவு முழுவதும் டக் டக்கென்று தட்டும். பெரும்பாலும் காரணங்கள் சிலவே. காந்தம் விசிறியின் சரியான மையத்தில் இல்லையென்றால் முழுப் பெட்டியும் அதிரும். குடுவை மையத்திலிருந்து விலகியிருந்தாலோ, அதன் அடி மேடாக இருந்தாலோ, கோல் ஓரத்துக்கு வழுக்கிக் கண்ணாடியில் தட்டும். கோலின் நீளமும் காந்த முனைகளுக்கிடையிலான தூரமும் பொருந்தாவிட்டால் கோல் துள்ளும். விசிறியின் திருகாணி தளர்ந்திருந்தால் அது தனியாக இரையும். காந்தத்தை மையப்படுத்தி, அடி தட்டையான குடுவையைப் பயன்படுத்தி, பெட்டியின் கீழே இறப்பர் விரிப்பு வைத்து, வேகத்தை மெதுவாகக் கூட்டினால் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். பெரிய சுழி தேவையில்லை. மேற்பரப்பில் சிறு குழி விழும் வேகமே மதுவத்தை மிதக்கவைக்கவும் காபனீரொட்சைட்டை வெளியேற்றவும் போதும்.

இறுதிக் காலம்

ஹன்சனின் ஆய்வு பியர் ஆலையோடு நின்றுவிடவில்லை. பழங்களில் வாழும் ஒரு மதுவ வகை குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்து, கோடையில் மீண்டும் பழத்துக்கு வருகிறது என்பதை அவர் கண்டறிந்தார். தான் பிரித்த லாகர் மதுவத்துக்கு 1908இல் சக்கரோமைசிஸ் கார்ல்ஸ்பேர்ஜென்சிஸ் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு, 1909 ஓகஸ்ட் 27ஆம் திகதி, கடற்கரை ஊரான ஹோர்ன்பெக்கில் காலமானார். வயது 67. அதே ஆண்டில், அதே ஆய்வுகூடத்தின் இரசாயனப் பிரிவில் சோரன்சன் pH அளவுகோலை அறிமுகப்படுத்தினார். அதுவும் இரகசியமாக வைக்கப்படவில்லை. ஹன்சனும் மனைவியும் விட்டுச்சென்ற நிதியிலிருந்து நுண்ணுயிரியலாளர்களுக்கு அவர் பெயரில் பதக்கம் வழங்கப்பட்டு வந்தது.

அவர் பிரித்த மதுவம் உண்மையில் ஒரு கலப்பினம் என்பது பின்னர் தெரியவந்தது. ஒரு பெற்றோர் பாணுக்கும் ஏலுக்கும் பயன்படும் வழமையான மதுவம். மற்றையது நீண்டகாலம் அகப்படவில்லை. 2011இல்தான் தென்னமெரிக்காவின் பற்றகோனியாக் காடுகளில் அதைக் கண்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

முப்பது வயதுக்கருகில் பல்கலைக்கழகம் போன ஒரு பெயின்ற் தொழிலாளியின் முறை இன்று எவருடைய சமையலறை மேசையிலும் நடக்கிறது. அதற்கு அவருடைய திறமை ஒரு காரணம். கண்டுபிடித்ததை எல்லோருக்கும் கொடுக்கவேண்டும் என்று எழுதிவைத்த ஓர் ஆய்வுகூடம் மறு காரணம். இரண்டாவது இல்லாதிருந்தால், முதலாவது ஓர் ஆலையின் இரகசியமாகவே முடிந்துபோயிருக்கும்.