பண்டிதர் அயோத்திதாசர் தெளிந்த நெறி

பிறந்த வீட்டுச் சமயத்தையே இறுதிவரை கைக்கொண்டு ஒழுகுவோரே உலகில் பெரும்பாலர். அதனை ஆராய்ந்து, பிறவற்றையும் ஆராய்ந்து, ஐம்பது வயதைக் கடந்த பின்னர் தமக்குரிய நெறி இதுவெனத் தெளிந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் சமுதாயத்திலே தோன்றினார் என்பதை இவ்வெள்ளி விழா மலரைக் கையிலேந்தும் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

பண்டிதர் 1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாசப் பண்டிதரிடம் கொண்ட பேரன்பினால் அவர் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடி அவர் வழியாகவே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றதெனப் பண்டிதர் எழுதியுள்ளார். ஏடு காத்த குடும்பம் அது. கல்வி நமக்குப் புதிது என்பாருக்கு இது ஒன்றே போதும்.

இளமையில் அவர் பற்றியது வேதாந்தம். 1870-களில் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் கொள்கையில் சாதிக்கு இடமிராது என்று நம்பியிருத்தல் கூடும். தம் மகனுக்குப் பட்டாபிராமன் எனப் பெயரிட்டார். 1885-இல் பாதிரியார் ஜான் ரத்தினத்துடன் சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ இதழை நடத்தினார். எனினும் கிறிஸ்தவத்தில் அவர் சேரவில்லை. சாதி திருச்சபைக்குள்ளும் நுழைந்திருந்ததைக் கண்டு பிற்காலத்தில் கடுமையாக எழுதினார்.

1892-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபையின் கூட்டம் கூடிற்று. நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்ற பண்டிதர், விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் நம் மக்களை ஏன் விடுவதில்லை என்று வினவினார். பொதுத் தெய்வமாயின் பொதுவாக வணங்கலாமன்றோ! சபையில் கூச்சல் எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்த சாஸ்திரியார் ஒருவர், உங்களுக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கையில் இவை எதற்கு என்னும் கருத்துப்படப் பேசினார். அங்ஙனமாயின் அத்தெய்வங்கள் எமக்கு வேண்டா என்று மறுத்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் ஏழைகளுக்குத் தரிசு நிலமும் கேட்டார் பண்டிதர். அவமதிப்பு நிகழ்ந்த அந்நேரத்திலும் பள்ளிக்கூடத்தை அவர் மறக்கவில்லை என்பதை நம் சங்கத்தார் நினைவிற் கொள்வாராக.

சினத்தால் உடனே மதம் மாறினாரல்லர். ஆறாண்டுகள் கழிந்தன. மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள் எனப் பழைய நூல்களைத் துருவினார். பாலியும் வடமொழியும் பயின்றார். நம் முன்னோர் பௌத்தராக இருந்தனர், அந்நெறியினின்று வீழ்த்தப்பட்டமையாலேயே தீண்டாதார் எனப்பட்டனர் என்னும் முடிவுக்கு வந்தார். ஆகவே அவருக்குப் பௌத்தம் புதுமதமன்று, தாய்வீடு. அவர் கூறிய சொற்பிறப்பு விளக்கங்கள் சிலவற்றை மொழியறிஞர் ஏற்பதில்லை. திருக்குறளைத் திரிக்குறள் என்று கொண்டு பௌத்தரின் முப்பிடகத்தோடு பொருத்தியதும் அத்தகையதே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. பிறர் எழுதிவைத்த இழிவை ஏற்காமல் ஏட்டைத் தாமே திறந்து பார்த்த துணிவையே நாம் போற்றுகின்றோம்.

நம் பிள்ளைகளுக்கென அடையாற்றில் 1894-இல் இலவசப் பள்ளி திறந்த கர்னல் ஆல்காட்டை 1898-இல் அணுகினார். அவர் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். கொல்லாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்துமே அவர் ஏற்ற சீலம். பிறப்பைப் பற்றிய வினா அதில் இல்லை. நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவியது இதற்கு 58 ஆண்டுகள் கழித்து, 1956-இல்.

சென்னை திரும்பி இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் முதலிய இடங்களிலும், கடல் கடந்து இரங்கூனிலும் கிளைகள் எழுந்தன. 1907 ஜூன் 19-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆயிற்று. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே வாரந்தோறும் எழுதினார். புத்தர் வரலாற்றையும் அறத்தையும் ‘ஆதிவேதம்’ என்னும் நூலாக்கினார். தம் மகள் ஒருவருக்குப் புத்தரின் அன்னையார் பெயரான மாயாதேவி என்பதைச் சூட்டினார்.

1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். மகனார் பட்டாபிராமன் இதழைச் சிலகாலம் நடத்தினார். பின்னர்க் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதனைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தார்.